அழைக்கப்படாத பிள்ளைகள்

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் அம்மாயி வீடு என்று பொருள். முழு ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிக் கொடுத்த மறுநாள் காலையே துணிப்பையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்ற தலைமுறை நம்முடையது. பகலெல்லாம் கிணற்றிலும் புளியமரத்தடியிலும் கழியும். பொழுது சாய்ந்ததும் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, தரையின் சூடு தணிந்த பிறகு பாய்களை வரிசையாக விரிப்பார்கள். மாமன் மக்களும் சித்தி மக்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் படுப்போம். ஓரத்தில் யார் படுப்பது என்று தொடங்கும் சண்டை, பேய்க்கதையில் தணிந்து, அப்புச்சியின் அதட்டலில் முடியும். மாலையில் நம்மை அடித்தவன் விடியலில் நம் பக்கத்துப் பாயிலேயே வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருப்பான். எழுந்ததும் பல் துலக்க இருவரும் ஒரே தொட்டிக்குத்தான் போக வேண்டும். பகையை எவ்வளவு நேரம்தான் காப்பாற்றிக்கொண்டிருக்க முடியும்?

இதுவும் ஒரு கல்வி என்று அன்று தெரியவில்லை. இந்தக் கல்வி மறுக்கப்பட்ட ஒரு பிள்ளையை மிக அருகிலிருந்து பார்த்த பிறகே தெரிந்தது. மறுத்தவர்களில் நாமும் உண்டு என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தங்கையின் மகனுக்கு அவனுடைய ஏழாவது வயதில் மருத்துவர் ஒரு பெயர் சொன்னார்: ஏடிஎச்டி. கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த நிலை என்று தமிழில் சொல்லலாம். உறவினர்கள் அதற்கு முன்பே அவனுக்குப் பல பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இன்னொரு குறையும் உண்டு. எதிரே இருப்பவரின் முகம் சுளிப்பதைப் படிக்கத் தெரியாது. தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாது. விளையாட்டு எங்கே முடிந்து வம்பு எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடாது. மற்ற குழந்தைகள் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்ளும் இவற்றை இவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும்.

எட்டு வயதில் ஒரு மே மாதம் அவன் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்த அன்றே மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துபோனான். தொட்டி நிறைந்து வழிந்து, மொட்டை மாடியில் காயவைத்திருந்த மிளகாயெல்லாம் நனைந்தது. சாயங்காலம் கேரம் பலகையைக் கவிழ்த்தான். இரவு எல்லோரும் படுத்த பிறகு அவன் மட்டும் எழுந்து இருட்டில் நடந்தான். படுத்திருந்தவர்களின் கால்களை மிதித்தான். ஒரு சிறுமி அலறி அழுதாள். இரவு பதினொரு மணிக்குக் காரை எடுத்து, அவிநாசி வழியாகத் திருப்பூர் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வழியில் அவன் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இன்னும் எத்தன மணி நேரம் இருந்திருந்தா விடிஞ்சிருக்கும் மாமா?"

அதற்குப் பிறகு நான்கு கோடைகள் நாங்கள் அவனை அழைக்கவில்லை. விடைத்தாள் திருத்தும் பணி, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, மனைவிக்கு முதுகுவலி என்று ஆண்டுக்கொரு காரணம் கிடைத்தது. தங்கை ஒருமுறைதான் கேட்டாள்: "மத்த புள்ளைகளெல்லாம் அங்க வந்திருக்குதுங்களாங்ணா?" ஆமாம் என்றோம். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. காது குத்தும்போது அவனை மடியில் உட்காரவைத்துக்கொண்ட தாய்மாமன் நாம். சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஓர் இரவு படுக்க இடம் மட்டும் கொடுக்கவில்லை.

*

தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருக்கிறோம். ஆண்டுதோறும் புறநானூற்றின் 188ஆம் பாடலை வகுப்பில் நடத்துகிறோம். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. எவ்வளவு செல்வம் இருந்தாலும், குறுநடை நடந்து கைநீட்டி உணவைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொண்டும் பெற்றோரை மயக்கும் குழந்தை இல்லாதவருக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்பது அதன் கருத்து. பிள்ளைத்தமிழிலோ ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவமே உண்டு. சிறுமியர் மணலில் கட்டிய வீட்டை அவன் காலால் கலைக்க வருவான். வேண்டாம் என்று அவர்கள் கெஞ்சுவார்கள். கேரம் பலகையைக் கவிழ்ப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஏட்டில் அதற்குப் பத்துப் பாடல் கொடுத்தோம். வீட்டில் நள்ளிரவில் கார் எடுத்தோம்.

இலக்கியம் கொண்டாடுவது மூன்று வயதுக் குழந்தையைத்தானே, எட்டு வயதுப் பிள்ளையை அல்லவே என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. வயதுக்கு ஏற்ற அடக்கம் வரவேண்டிய காலத்தில் வராமல் இருப்பதுதான் இந்நிலையின் இயல்பு. அது வராதது பிள்ளையின் திமிரால் அன்று. தாயின் செல்லத்தாலும் அன்று. 1840களில் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் ஹாப்மன் தம் மகனுக்காக எழுதிய படப் புத்தகத்திலேயே, சாப்பாட்டு மேசையில் அடங்கி உட்காராமல் விரிப்போடு சாப்பாட்டையும் இழுத்துக் கவிழ்க்கும் பிலிப் என்ற சிறுவன் வருகிறான். 1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி மருத்துவர் அவையில் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவர்களின் வகைப்பாட்டு நூலில் கவனக்குறைபாடு என்ற பெயர் ஏறியது. இன்றைய பெயர் 1987இல் வந்தது. கைப்பேசி வருவதற்கு முன்பே பிலிப் இருந்தான் என்பதை உறவினர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

இரட்டையர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள் இந்நிலையில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது என்று காட்டியிருக்கின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஒரு மதிப்பீடு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு ஐவருக்குச் சற்று மேல் என்று கணக்குச் சொன்னது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். துள்ளிக் குதிப்பவன் கண்ணில் பட்டுவிடுகிறான். சன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் தொலைந்துபோகும் சிறுமி படுவதில்லை. அவளை மந்தம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

*

கோயம்புத்தூரில் இன்று கோடை முகாம்களுக்குப் பஞ்சமில்லை. மார்ச் மாதமே மின்கம்பங்களில் விளம்பரத் தட்டிகள் ஏறிவிடுகின்றன. அபாகஸ், கராத்தே, கையெழுத்து, ரோபோ, கீபோர்டு என்று காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணிவரை நடக்கும் முகாம்கள் பெரும்பாலானவை. இரவு தங்கும் முகாம்களும் உண்டு. அவற்றில் சேர்க்கும்போது பிள்ளையின் நிலையை மறைக்காமல் சொன்ன பெற்றோர் என்ன மறுமொழி பெற்றார்கள் என்று நாம் கேட்டறிந்திருக்கிறோம். மறுப்பு பெரும்பாலும் மரியாதையாகத்தான் வரும்: "எங்க முகாம் இவனுக்குச் செட் ஆகாதுங்க." இன்னொரு வகையினர் எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்கள், ஒரே வாரத்தில் உங்கள் பிள்ளையை மாற்றித் தருகிறோம் என்பார்கள். இவர்களைக் கண்டுதான் அதிகம் அஞ்ச வேண்டும். ஒரு வாரத்தில் மாற்றிக்காட்ட உலகில் உள்ள வழி பிரம்பு ஒன்றுதான்.

பிற இடங்களில் இதை முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். வில்லியம் பெல்ஹம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு கோடைத் திட்டத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு முதல் பதினாறு பிள்ளைகள் ஒரு குழு. குழுவுக்கு நான்கைந்து வழிகாட்டிகள். சில வாரங்கள், நாள் முழுவதும். பாடத்துக்கு ஓரிரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் பந்தும் நீச்சலும் விளையாட்டும். நல்ல நடத்தைக்கு அங்கேயே, அந்த நொடியிலேயே புள்ளி. பெற்றோருக்கும் தனியே பயிற்சி. பெல்ஹம் 2023இல் மறைந்தார். அந்த முறை வேறு பல ஊர்களுக்கும் பரவியது. ஜப்பானின் குருமே நகரில் 2005இல் அதைத் தொடங்கியவர்கள், தங்கள் நாட்டு விடுமுறைக்கு ஏற்ப வாரங்களைக் குறைத்துக்கொண்டார்கள்.

அதன் அடிப்படை எளிமையானது. விட்டுக்கொடுத்தலை நாற்காலியில் உட்காரவைத்துக் கற்பிக்க முடியாது. அறைக்குள் ஒருவர் கேட்க, "என் முறை வரும்வரை காத்திருப்பேன்" என்று எந்தப் பிள்ளையும் சரியாகவே சொல்லிவிடும். பந்து காலருகே வரும்போதுதான் அது மறந்துபோகும். பந்து வரும் இடத்திலேயே, வரும் நேரத்திலேயே பழக வேண்டும்.

பெல்ஹமின் பிள்ளைகள் மாலையானால் வீடு திரும்பிவிடுவார்கள். இங்கேதான் நமக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. பகல் முகாமில் ஐந்து மணிக்குச் சண்டை வந்தால் ஐந்தரைக்கு வண்டி வந்துவிடும். சண்டை அப்படியே நின்றுபோகும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வராமலும் இருக்கலாம். இரவு தங்கினால் தப்ப வழியில்லை. அடித்தவனுக்குப் பக்கத்தில்தான் பாய். அவனோடுதான் இரவுச் சாப்பாடு. கழிப்பறைக்குப் போக இருட்டாக இருந்தால் அவனைத்தான் துணைக்கு எழுப்ப வேண்டும். உறவை முறிக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். முறிந்ததை ஒட்டவைக்கத்தான் பழக்கம் வேண்டும். அதற்கு ஓர் இரவும் ஒரு விடியலும் வேண்டும். அம்மாயி வீட்டு வாசல் நமக்குக் கொடுத்தது இதுதான். அந்த வாசலுக்கு அழைக்கப்படாத பிள்ளைகளுக்கு அதை வேறு யாராவது கொடுத்தாக வேண்டும்.

*

பிள்ளையை இரவில் வெளியே விடுவதா என்ற தயக்கம் நம் ஊரில் எழுவது வியப்பில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாமக்கல், இராசிபுரம் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குத் தமிழகமெங்கும் இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மதிப்பெண்ணுக்காக ஈராண்டு இரவுகளை விடுதிக்குக் கொடுக்கத் தயங்காத சமூகம் இது. நட்புக்காக மூன்று இரவுகளைக் கொடுப்பதென்றால் மட்டும் யோசிக்கிறது.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்பது நம் எண்ணம். தி.சு. அவிநாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ஸ்ரீ இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இவ்வூரின் அடையாளம். 1934இல் காந்தியடிகள் அதற்கு இங்கே அடிக்கல் நாட்டினார். பிள்ளையும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கி வாழும் குருகுல முறையில் வளர்ந்த நிறுவனம் அது. பகல் பாடத்தைவிட உடன் வாழ்தல் பெரிய பாடம் என்பது அம்முறையின் நம்பிக்கை. இன்று அதே வளாகத்தில் இயங்கும் விவேகானந்தா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பிரிவில், சிறப்புக் கல்விக்கும், மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு ஏற்ற உடற்கல்விக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். உடன் வாழும் மரபும் அதற்குத் தேர்ந்த ஆசிரியர்களும் ஒரே ஊரில் அமைவது எளிதன்று.

இலக்கிய வாசகர்கள் மறக்கக் கூடாத இன்னொரு பெயரும் உண்டு. பெரியசாமித் தூரன் அந்த வித்யாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். கீர்த்தனைகளுக்காகவும் கலைக்களஞ்சியத்துக்காகவும் அவரைக் கொண்டாடுகிறோம். அவர் குழந்தை உளவியல் எழுதியவர் என்பதைச் சொல்ல விட்டுவிடுகிறோம். 'குழந்தை உள்ளம்', 'பாரம்பரியம்', 'தாழ்வு மனப்பான்மை' என்று தமிழில் இந்தத் துறைக்கு நூல்களே அரிதாக இருந்த காலத்தில் எழுதினார். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு குழந்தைகளுக்கெனத் தனியே இன்னொரு பத்துத் தொகுதியை வெளிக்கொணர்ந்தார். பிள்ளையின் மனத்தைத் தமிழில் எழுதிய ஒருவர் நடந்த ஊரில், பிள்ளைகள் சிலரைப் படுக்கவிட இடமில்லை என்று சொல்வது நமக்கு அழகன்று.

சட்டமும் இவர்களைப் பாதி வழியில்தான் சந்திக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, முன்பு ஏழாக இருந்த பட்டியலை இருபத்தொன்றாக விரித்தது. ஆட்டிசம் அதில் உண்டு. கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஎச்டி என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள வேறொன்று சேர்ந்திருந்தாலன்றி, இந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழைக் கேட்கும் எந்த உதவியும் இல்லை. பள்ளியின் பார்வையில் அவன் நோயாளியும் அல்லன், நல்ல பிள்ளையும் அல்லன். எனவே அரசுத் திட்டத்துக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. ஊர்தான் செய்ய வேண்டும்.

*

சென்ற மே மாதம் சிறு அளவில் ஒன்றைச் செய்து பார்த்தோம். மூன்று குடும்பங்கள் பேசித் தொடங்கியது, ஏழு குடும்பங்களானது. சிறப்புக் கல்வி படித்த இரண்டு இளம் ஆசிரியைகள் உடன் வர ஒப்புக்கொண்டார்கள். முதலில் பாலமலை அடிவாரத்தில் ஒரு தோட்டம் கிடைத்தது. யானை நடமாட்டம் உள்ள இடத்தில், இரவில் எழுந்து நடக்கும் பிள்ளைகளோடு தங்க முடியாது என்று விட்டுவிட்டோம். பிறகு காரமடைப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்துச் சாளை அமைந்தது. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருந்ததைப் பார்த்த பிறகே சரி என்றோம். ஒன்பது பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள், மூன்று இரவுகள். ஒன்பதில் இருவர் இந்நிலை இல்லாத உடன்பிறப்புகள். எங்கள் தங்கை மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பெரிய திட்டம் எதுவும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தோம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைப் பத்து நிமிடம் முன்பே சொன்னோம். ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். போட்டியும் பரிசும் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்பது தனி ஏட்டில் இருந்தது. காலை மருந்தின் பலன் மாலையில் வடிந்துவிடும். ஆகையால் மாலை ஆறு முதல் எட்டுவரை ஓடவிடுவதைத் தவிர வேறு எதுவும் வைக்கவில்லை. இவர்களில் சிலர் பத்து வயதுக்கு மேலும் படுக்கையை நனைப்பதுண்டு. அதனால் எல்லோருக்குமே மாற்றுப் பாய் வைத்திருந்தோம். யாருக்காக என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் வகுத்த பயிற்சிகளைவிடச் சந்தகை நன்றாக வேலை செய்தது. சந்தகை மரத்தை அழுத்த ஒருவர் வேண்டும். கீழே தட்டு ஏந்த ஒருவர் வேண்டும். அழுத்துபவர் நிறுத்தும்வரை ஏந்துபவர் நகரக் கூடாது. சூடான மாவை ஆசிரியை இட்டார், மற்றதெல்லாம் பிள்ளைகள். தட்டை முன்னதாக எடுத்தவனின் சந்தகை தரையில் விழுந்தது. அவனை யாரும் திட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் முறை அவன் அசையாமல் நின்றான். அவ்வளவு நேரம் அவன் ஓரிடத்தில் நின்று பார்த்ததில்லை என்று அவன் அக்காள் சொன்னாள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. இரண்டாம் நாள் ஒருவன் இன்னொருவன் கையைக் கடித்துவிட்டான். கடிபட்டவனின் தந்தை அன்று இரவே வந்து மகனை அழைத்துப்போனார். அவரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. நாமும் ஓர் இரவு கார் எடுத்தவர்தாம். கடித்தவன் வெகுநேரம் வாயிற்கதவருகே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்த விடியல் கிடைக்காமல் போனது.

முதல் இரவு தங்கை மகன் உறங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்கினான். படு என்று சொல்லாமல் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணி வரச் சொன்னோம். போய் எண்ணிவிட்டு வந்து, "எட்டுப் பேருதான் மாமா இருக்காங்க" என்றான். மறுபடி எண்ணினான். எட்டுத்தான். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுவார்கள். வகுப்பில் சொல்லிச் சிரித்த கதை. அன்று சிரிப்பு வரவில்லை. நான்கு கோடைகளாக எந்த எண்ணிக்கையிலும் சேர்க்கப்படாதவன், தன்னைச் சேர்க்க எங்கிருந்து கற்றிருப்பான்?

"நீயும் ஒருத்தன்தானே கண்ணு" என்றோம். யோசித்துவிட்டு, "அப்ப ஒம்போது" என்றான். இரண்டு மணிக்கு உறங்கினான்.

ஜூன் மாதம் பள்ளியிலிருந்து வழக்கமான புகார் வழக்கம்போல் வந்தது. அவன் மாறிவிடவில்லை. மாற்ற வேண்டும் என்று நாங்களும் அவனை அழைத்துப்போகவில்லை. ஒன்று மட்டும் புதிது. அவனோடு தங்கிய பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு ஃபோன் செய்கிறான். தங்கையிடம் அந்த மூன்று இரவுகளும் நன்றாக உறங்கினாயா என்று கேட்டோம். "எங்கீங்ணா, மூணு ராத்திரியும் ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அடுத்த வருசம் தூங்கிக்கறேன்" என்றாள். அடுத்த வருடம் என்று அவள் சொன்னதை நாம் குறித்துக்கொண்டோம்.

*

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் இரண்டு கனமானவை.

தனி முகாம் என்பதே ஒரு முத்திரை அல்லவா, மற்ற பிள்ளைகளோடு கலந்து வளர்வதுதானே சரி என்பது முதலாவது. கொள்கையளவில் நமக்கும் உடன்பாடே. ஆனால் கலந்து வாழும் இடங்கள் இவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்போது, கலப்பே சிறந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பது பசித்தவனுக்கு விருந்தைப் பற்றிப் பாடம் நடத்துவதாகும். உடன்பிறப்புகளையும் மாமன் மக்களையும் சேர்த்து அழைப்பது நடுவழி. ஒன்பதில் இருவர் போதாது. மூவரில் ஒருவராவது அப்படி இருப்பது நல்லது. முகாம் முடிந்த பிறகும் உடன் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. தன்னைக் காத்துக்கொள்ளவும் நடந்ததை ஒழுங்காகச் சொல்லவும் தெரியாத பிள்ளையை அன்னியரிடம் இரவு விடலாமா என்ற அச்சம் முற்றிலும் நியாயமானது. போக்சோ சட்டம் 2012இல் வந்தது எதற்காக என்று நமக்குத் தெரியும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே இருக்கக் கூடாது. பணிபுரிவோர் அனைவரின் பின்னணியும் காவல்துறை வழியே சரிபார்க்கப்பட வேண்டும். பெற்றோர் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி வரலாம் என்று இருக்க வேண்டும். அஞ்சும் தாயரும் உடன் வந்து தங்கலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் 1950களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான அங்குள்ள நம்பிக்கை நிலையத்திலும் பெற்றோர் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். நம் குடும்பங்களுக்கு ஒத்துவரும் முறை அது. தாய் பக்கத்துக் கட்டடத்தில் உறங்கட்டும். பிள்ளை பிள்ளைகளோடு உறங்கட்டும். பெண் பிள்ளைகளை அனுப்ப வைப்பதற்கும் இதைவிட வேறு வழி தெரியவில்லை.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் ஏழு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ள முடிந்தது. பனியன் கம்பெனியிலும் பஞ்சாலையிலும் ஃபவுண்டரியிலும் ஷிப்டு பார்க்கும் வீடுகளிலும் நாற்பதுக்கு இருவர் உண்டு. அவர்களால் முடியாது. மே மாதத்தில் கல்லூரி விடுதிகள் பல காலியாகக் கிடக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்கள் ஏழு நாள் முகாம் தங்குவது வழக்கம். ஊர்க் குளத்தைத் தூர்வாரியும் கோயில் வளாகத்தைக் கூட்டியும் அந்த ஏழு நாளைக் கழிக்கும் நம் மாணவர்களில் இருபது பேர், முறையான முன்பயிற்சியோடு இந்தப் பிள்ளைகளுடன் ஐந்து இரவு தங்கினால் அதுவும் நலப்பணியே. ஆலைகள் நிறைந்த இந்த மேட்டுப்பாளையம் சாலையில், சோற்றுக்கும் மருத்துவருக்கும் ஆகும் செலவை ஏற்க ஒருவராவது முன்வருவார் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது. எங்கள் கல்லூரியில் இதற்கான கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை சாளை இருக்கிறது.

வாசக நண்பர்களிடம் கேட்பது மிகச் சிறியது. உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். திருமண வீட்டில் எல்லோரும் தள்ளி உட்காரும் பிள்ளை. விடுமுறைக்கு யாரும் வா என்று சொல்லாத பிள்ளை. இந்தக் கோடையில் ஓர் இரவு அழையுங்கள். மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போடுங்கள். மிளகாயை உள்ளே எடுத்து வையுங்கள். நீங்கள் ஓர் இரவு உறங்காமல் இருக்கத் துணியுங்கள். இத்தனையும் செய்ய நமக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த இரவு காரில் அவன் கேட்ட கேள்விக்கு விடை எளிதாகத்தான் இருந்தது. ஏழு மணி நேரம்.